அப்பத்துக்கென்று காய்ச்சிய பியர்

தன் வீட்டில், தன் கையால் காய்ச்சிய பியரைத் தன் கிளாசில் ஊற்றி, தன் கதிரையில் சாய்ந்திருந்து குடித்தே தீருவது என்று புவனேசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம் குளியலறை. கதவை உள்ளே பூட்டிவிட்டு, தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டு, மெல்லிய குரலில்தான் எடுத்தார்.

ஒரு சபதம் எடுப்பதற்குக் குளியலறை வரைக்கும் போகவேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஏற்பட்ட கொதிப்புக் கொஞ்சநஞ்சமல்ல. மனிதருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கவுன்சிலில் மறுசுழற்சிப் பிரிவில் அதிகாரி. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு தெரு முழுக்கக் குப்பைத் தொட்டிகளின் நிறம் மாறும். ஆனால் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் சொந்த வீட்டில், கறிவேப்பிலைச் சாடியை யன்னலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகர்த்துவதென்றாலும் மனைவி வான்மதியின் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைக்காது.

கொதிப்பை மூட்டிவிட்டவர் பக்கத்து வீட்டு ரங்கராஜன். கோயம்புத்தூர்க்காரர். ஏதோ ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. அன்று காலை வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் கதைத்துக்கொண்டிருந்தபோது கடைப் பியரைப் பற்றிப் பேச்சு வந்தது.

“உதெல்லாம் ஒரு பியரோ? அந்த நாளையில நானே வீட்டில காய்ச்சினனான். கிட் வாங்கி, வாளியில புளிக்க வைச்சு, போத்திலில அடைச்சு. வால்தம்ஸ்டோ முழுக்கக் கேட்டுப் பாருங்கோ.”

“சார், சும்மா கதை விடாதீங்க. உங்க வீட்ல டீ போடறதுக்கே உங்களுக்குப் பர்மிஷன் கிடையாது. நீங்க பீர் போட்டீங்களா?”

“உண்மையாத்தான் சொல்லுறன்.”

“சரி சார். நம்பிட்டேன்,” என்று சொல்லிவிட்டு ரங்கராஜன் சிரித்தார். அது நம்பியவர் சிரிக்கிற சிரிப்பு அல்ல.

புவனேசன் சொன்னது முழு உண்மை. வால்தம்ஸ்டோவில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் அவர் காய்ச்சிய பியருக்குச் சனம் வரிசையில் நின்றது. வரிசை என்றால் மூன்று பேர். மூன்று பேரும் அதே வீட்டின் மற்ற அறைகளில் குடியிருந்தவர்கள். இருந்தாலும் வரிசை வரிசைதான்.

கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் திருப்பணி கொஞ்சக் காலம் நடந்தது. ஒரு முறை பியரில் நுரை நன்றாக எழும்பட்டும் என்று ஒவ்வொரு போத்தலிலும் சீனியைக் கொஞ்சம் கைதாராளமாகப் போட்டுவிட்டார். வீட்டில் சூடான இடம் பொயிலர் அலுமாரிதானே என்று போத்தல்களைக் கொண்டுபோய் அதற்குள் அடுக்கினார். வான்மதியும், வீட்டில் ஈரம் படாத இடம் பொயிலர் அலுமாரிதானே என்று தன் கூறைச்சேலையை அதற்குள்தான் வைத்திருந்தாள். ஒரு காலையில் போத்தல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. தாலிகட்டின்போது உடுத்த காஞ்சிபுரம் கூறையைப் பிழிந்தபோது வாளிக்குள் நுரை வழிந்தது.

வான்மதி சத்தம் போடவில்லை. “இனி இந்த வீட்டில உது ஒரு சொட்டும் புளிக்கக் கூடாது,” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் புளித்தது தோசை மா ஒன்றுதான். மகள் துளசி பிறந்து, வளர்ந்து, பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டாள். தடை மட்டும் போகிற வழியைக் காணோம்.

தடையை நேரே நின்று உடைக்கிற துணிவு புவனேசனுக்கு இல்லை. அது அவருக்கே தெரியும். அதனால் சுற்றிப் போனார். வான்மதியின் ஒரே மனக்குறை எது என்று யோசித்தார். அப்பம்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கலைவிழாவில் ஆண்டுதோறும் அப்பக் கடை போடுவது வான்மதியின் பொறுப்பு. போன வருசம் அப்பம் சட்டியை விட்டு எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. எழும்பியது தடித்துப்போய்க் கிடந்தது. கரையில் முறுகல் இல்லை. பக்கத்து ஊரான சட்டனிலிருந்து வந்த பெண்கள் போட்ட கொத்துறொட்டிக் கடையில் சனம் முண்டியடிக்க, வான்மதி அகப்பையும் கையுமாக ஆளில்லாமல் நின்றாள். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

சபதம் எடுத்த அன்று பின்னேரம், அவள் இன்னொரு முறை அப்பமா குழைத்துப் பார்த்து, சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் புவனேசன் குசினி வாசலில் போய் நின்றார்.

“ஏன் கரை முறுகுதில்லை?”

“கள்ளு விட்டுப் புளிக்க வைச்சாத்தானே முறுகும். இந்த லண்டனில கள்ளுக்கு எங்கை போறது? ஈஸ்ற் தூளும் சோடாவும் போட்டால் வாறது அப்பமில்லை, வட்டப் பாண்.”

“நான் ஒண்டு சொல்லுவன். நீர் கோவிக்கப்படாது.”

“கோவிக்கிற விசயமெண்டால் சொல்லாதேங்கோ.”

“கள்ளுக்குப் பதிலா ஒரு தண்ணி செய்யலாம். உந்த பியர் கிட் விக்கிறாங்கள் தெரியுமோ? அதில நல்ல உயிருள்ள ஈஸ்ற் இருக்கு. வாளியில ஊத்திப் புளிக்க விட்டால் அப்பிடியே கள்ளுத்தான்.”

வான்மதி அகப்பையைக் கீழே வைத்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்பத்துக்கோ?”

“அப்பத்துக்குத்தான்.”

“வேற ஒண்டுக்கும் இல்லையோ?”

“வேற என்னத்துக்கு?”

“உங்களுக்குக் குடிக்க?”

“எனக்கோ? சீ. இந்த வயசில எனக்கு என்னத்துக்கு உந்தக் குடி? உம்மட மனக்குறை தீர வேணும். அவ்வளவுதான்.”

“அப்பிடியெண்டால் செய்யுங்கோ.”

எத்தனையோ ஆண்டுத் தடை இரண்டு நிமிசக் கதையில் உடைந்து விழுந்தது. வேறு யாராவது என்றால் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பார்கள். புவனேசன் தன் கெட்டித்தனத்தை எண்ணிப் பூரித்துப்போய் நின்றார். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் மனிதர் இப்படி இருக்கிறாரே என்று நமக்குத்தான் பரிதாபமாக இருக்கிறது.

கிட் வந்தது. பெட்டிக்குள் பாகு அடைத்த ஒரு தகரப்பேணி, ஒரு பைச் சீனி, ஒரு சின்னப் பக்கற்றில் ஈஸ்ற், மூடியில் காற்றுப்போகிற குழாய் பூட்டிய ஒரு வாளி. பெட்டியின் வெளியே நுரை வழிகிற பெரிய கிளாஸ் ஒன்றின் படம். வான்மதி அதை நெடுநேரம் பார்த்தாள்.

“படத்தில அப்பத்தைக் காணேல்லை?”

“வெள்ளைக்காரன்ர கொம்பனி. அவங்களுக்கு அப்பம் எங்கை தெரியும்?”

“பாவங்கள்,” என்றாள் வான்மதி.

காய்ச்சத் தொடங்குமுன் எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு துளி அழுக்கு இருந்தாலும் முழு வாளியும் பழுதாகிவிடும். புவனேசன் சட்டைக் கையை மடித்துவிட்டு வாளி, மூடி, குழாய், கரண்டி என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வான்மதி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“இவ்வளவு வடிவாக் கழுவுவியள் எண்டு இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போச்சே.”

“இதில ஒரு முறை இருக்கு. சும்மா தண்ணியில அலம்புற வேலையில்லை.”

“ஓம், தெரியுது. அந்த முறையிலேயே உந்த இடியப்பத் தட்டுகளையும் ஒருக்காக் கழுவிவிடுங்கோ.”

மறுக்க வழியில்லை. கழுவினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இடியப்பத் தட்டு கழுவுவது அவர் வேலையாகிவிட்டது. பியர் என்கிற பெரிய காரியத்துக்காக இந்தச் சின்ன இழப்பைப் பொறுத்துக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டார்.

வழிமுறை அச்சிட்ட தாளை அவர் படிக்கவில்லை. நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்குத் தாள் என்று கிழித்துக் கவுன்சில் ஒழுங்குப்படி நீலத் தொட்டியில் போட்டார். பாகைக் கொதிநீரில் கரைத்து, சீனியைக் கலந்து, பச்சைத்தண்ணீர் விட்டு ஆற்றி, ஈஸ்ற்றைத் தூவி, மூடி வைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் துளசியின் வெறும் அறையில் வைத்தார். குளிராமல் இருக்கப் பிள்ளையின் பழைய போர்வையைச் சுற்றிவிட்டார். இனி மூடிக் குழாயில் ‘புளுக், புளுக்’ என்று குமிழ் வர வேண்டும். அந்தச் சத்தத்துக்காக அவர் எத்தனை வருசமாகக் காத்திருந்தார்.

சத்தம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வேலையிலிருந்து வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாளிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து காதை வைத்துக் கேட்டார். கிட் விற்ற கடைக்காரனைத் திட்டினார். செத்த ஈஸ்ற்றைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். இந்த நாட்டில் எதிலும் தரம் இல்லை என்றார். கவுன்சிலர்களில் தொடங்கிப் பிரதமர் வரைக்கும் போனார்.

“என்ன, பிள்ளைக்குக் காய்ச்சலோ?” என்று கேட்டுக்கொண்டு வான்மதி வந்தாள்.

“ஈஸ்ற் வேலை செய்யுதில்லை. ஏமாத்திப் போட்டாங்கள்.”

வான்மதி குனிந்தாள். மூடியின் ஓரத்தைச் சுற்றிவர விரலால் தடவினாள். ஓரிடத்தில் நிறுத்தி, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினாள். ‘டக்’ என்று மூடி வாளியில் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் குழாயில் முதல் குமிழ் வந்தது.

“மூடி சரியாப் பூட்டேல்லை. காத்தெல்லாம் ஓரத்தால போயிருக்கு. ஈஸ்ற் பாவம், அது தன்ர வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது,” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

புவனேசனுக்கு அது பிடிக்கவில்லை. பியர் விசயத்தில் வீட்டில் நிபுணர் அவர் ஒருவர்தான். ஆனாலும் குமிழ் வந்துகொண்டிருந்தபடியால் மானத்தை அப்போதைக்கு ஒத்தி வைத்தார்.

குமிழ் அடங்கியதும் போத்தலில் அடைக்கிற வேலை. போத்தலுக்கு அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மறுசுழற்சி அதிகாரியாக இருந்துகொண்டு, காலையில் தெருவில் நடக்கும்போது மற்ற வீட்டுத் தொட்டிகளுக்குள் எட்டிப் பார்த்து, கபில நிறப் போத்தல்களாகப் பொறுக்கினார். ஒரு கிழவி அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு சான்விச் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டார். எல்லாம் பியருக்காக.

இரண்டு டசின் போத்தல்கள் மேசையில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அளந்து, இந்த முறை மிக அளந்து, அரைக் கரண்டி சீனி போட்டார். வான்மதி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே இருந்தாள்.

“அப்பத்துக்குப் போத்தில் என்னத்துக்கு? வாளியில இருந்தே விடலாமே.”

“காத்துப் பட்டால் பழுதாப் போயிடும்.”

“சீனி?”

“உள்ளுக்குள்ள ஈஸ்ற் உயிரோட இருக்க வேணும். அதுக்கும் பசிக்கும்தானே.”

“அப்ப போத்திலில அடைச்சால் கனநாளைக்குக் கிடக்கும்?”

“கிடக்கும், கிடக்கும்.”

“மற்ற வீடுகளுக்கும் குடுக்கலாம்?”

“தாராளமாக் குடுக்கலாம்.”

“எல்லாத்தையும்?”

“ஓம், எல்லாம் அப்பத்துக்குத்தானே,” என்றார் புவனேசன். அவருடைய முழுக் கவனமும் மூடி அடிக்கிற கருவியில் இருந்தது. அந்த நேரம் பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் அவர் வாயைப் பொத்தியிருப்பார்.

போத்தல்கள் தோட்டத்துக் கொட்டிலுக்குள் போயின. இனி இரண்டு கிழமை பொறுத்தால் பியருக்குள் நுரை ஏறிவிடும். அந்த இரண்டு கிழமை முடிகிற சனிக்கிழமைதான் கலைவிழா. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை ரங்கராஜனைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, ஒரு கிளாசை ஊற்றிக் கையில் கொடுத்து, அவர் முதல் மிடறு விழுங்குகிறபோது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் புவனேசன் இவ்வளவு பொய்யும் சொன்னார், இவ்வளவு தட்டும் கழுவினார். பிறகு தானும் ஒன்றை ஊற்றிக் குடிப்பார். அதை நினைத்தால் பஸ்சில் இருக்கும்போதே வாயில் எச்சில் ஊறியது.

இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கையாக நான்கு போத்தல்களை வேலிக்கு மேலால் ரங்கராஜனிடம் கொடுத்தார்.

“வீட்டுக்குள்ள வைச்சிருங்கோ. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் திறக்கக் கூடாது.”

“நெஜமாவே பீரா சார்? பாத்தா வெனிகர் மாதிரி இருக்கு.”

“ஞாயிற்றுக்கிழமை சொல்லுவியள். ஆரும் கேட்டால் அப்பத் தண்ணி எண்டு சொல்லுங்கோ.”

வெள்ளிக்கிழமை பின்னேரம் வான்மதி அவருடைய கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“நாளைக்குக் கடைக்கு மா குழைக்கப் பெண்டுகள் வருகினம். பத்துப் பேர். நீங்கள் நடுவில நிண்டால் அவைக்குக் கரைச்சல். போய் ரங்கராஜன் வீட்டில கிரிக்கெட் பாருங்கோ.”

இப்படி ஒரு உத்தரவு அந்த வீட்டில் அதற்கு முன் பிறந்ததில்லை. புவனேசன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும், அங்கேதான் நான்கு போத்தல் இருக்கிறதே என்பது அவருடைய எண்ணம். தன் வாசலைத் தாண்டுகிறபோது பிறின்சி எதிர்ப்பட்டாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள், வான்மதிக்கு வலது கை. “அண்ணை, உங்கட கைப்பக்குவத்தைப் பற்றி அக்கா நிறையச் சொன்னவ,” என்று சொல்லிக்கொண்டு அவள் உள்ளே போனாள். புவனேசனுக்கு உச்சி குளிர்ந்தது.

ரங்கராஜன் வீட்டில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

“ரங்கராஜன், அந்த நாலில ஒண்டைத் திறப்பம்.”

“அது இப்ப இல்லையே சார்.”

“இல்லையோ? எங்கை?”

“என் வொய்ஃப் கல்யாணி என்னன்னு கேட்டா. நீங்க சொல்லச் சொன்ன மாதிரியே அப்பத் தண்ணின்னு சொன்னேன். மாவு கரைக்கத்தானே போறோம், இதையும் எடுத்துட்டுப் போறேன்னு நாலையும் பையில போட்டு உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டா. இப்பத்தான் போனா.”

“நீங்கள் தடுக்கேல்லையோ?”

“என்னன்னு சொல்லித் தடுக்கறது? அப்பத் தண்ணியை நான் எதுக்கு வச்சிருக்கேன்னு கேப்பா இல்ல?”

இரண்டு பேரும் தேநீர் குடித்தார்கள். அதையும் ரங்கராஜன்தான் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் வான்மதியின் குசினி. முதலில் கிரைண்டர் சத்தம் கேட்டது. பிறகு கதை கேட்டது. பிறகு சிரிப்பு. பிறகு சிரிப்பு மட்டும். அதற்குப் பிறகு பிறின்சி பாடத் தொடங்கினாள், மற்றவர்கள் பாத்திரத்தில் தாளம் போட்டார்கள்.

“அரிசிமாக் குழைக்கிறதில இவ்வளவு சந்தோசமோ?” என்று புவனேசன் எரிச்சலோடு கேட்டார்.

“ஆம்பளைங்க நம்ம யாரும் இல்லைல்ல சார். அந்தச் சந்தோஷமா இருக்கும்.”

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது புருஷன்மார் காரோடு வந்து மனைவிமாரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குசினி துடைத்துப் பளபளவென்று கிடந்தது. பெரிய பானைகளில் மா மூடியிருந்தது. புவனேசன் நேரே கொட்டிலுக்குப் போனார். ஒரு போத்தல்கூட இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் ஒரு போத்தல்கூட இல்லை.

“இஞ்சேரும், கொட்டிலுக்குள்ள இருந்த போத்தில் எல்லாம் எங்கை?”

“முடிஞ்சுது.”

“முடிஞ்சுதோ? இரண்டு டசினுமோ?”

“நீங்கள்தானே சொன்னியள், எல்லாம் அப்பத்துக்கு எண்டு.”

புவனேசன் வாயைத் திறந்தார். என்னத்தைச் சொல்வது? எனக்குக் குடிக்கத்தான் செய்தேன் என்று சொன்னால் அத்தனை பொய்யும் ஒரேயடியாக அவிழ்ந்து விழும். திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டார். படுக்கையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரண்டார். வான்மதி அன்றைக்கென்று பார்த்து நிம்மதியாகக் குறட்டை விட்டாள்.

அடுத்த நாள் கலைவிழாவில் வான்மதியின் அப்பம் வெளுத்து வாங்கியது. நடுவில் பஞ்சு, கரையில் சரிகை பிடித்ததுபோல் முறுகல். சட்டியைச் சும்மா சரித்தாலே அப்பம் தானாக வழுக்கித் தட்டில் விழுந்தது. வரிசை மண்டபத்துக்கு வெளியே போய், கார் நிறுத்துகிற இடத்தில் வளைந்து நின்றது. சட்டன் கொத்துறொட்டிக் கடையில் தகடு ஆறிப்போய்க் கிடந்தது. அந்தக் கடைப் பெண்களே இந்த வரிசையில் நின்றார்கள். ரங்கராஜன் ஏழு அப்பம் சாப்பிட்டுவிட்டு எட்டாவதுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

புவனேசனும் ஒன்று சாப்பிட்டார். குறை சொல்லலாம் என்று நினைத்துத்தான் வாயில் வைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது. இந்த முறுகல் யாருடைய முறுகல்? தொட்டி தொட்டியாகப் போத்தல் பொறுக்கியவர் யார்? இவ்வளவு சனமும் தன்னுடைய பியரைச் சாப்பிட்டுக்கொண்டு போகிறது, தனக்கு மட்டும் தொண்டை நனையவில்லை. இப்படி ஒரு அநியாயம் எந்த வீட்டில் நடக்கும் என்று அவர் மனதுக்குள் பொருமினார்.

அப்போது ஒலிபெருக்கியில் அவருடைய பெயர் கேட்டது. பள்ளிக்கூடத் தலைவர் வெங்கடாசலம் மேடையில் நின்றார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓய்வு பெற்ற கணக்காளர். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்.

“இன்று நாம் உண்டு மகிழ்ந்த அப்பத்தின் ரகசியத்தைத் திருமதி வான்மதி எனக்குச் சொன்னார். கள் கிடைக்காத இந்த மாநகரிலே, மனைவியின் மனக்குறை தீர, ஒரு மனிதர் தன் கையாலேயே மதுவை வடித்திருக்கிறார். வடித்தவர் ஒரு சொட்டையாவது வாயில் வைத்தாரா? வைக்கவில்லை. அத்தனையையும் அப்பத்துக்கே கொடுத்துவிட்டார். மது கைக்கு எட்டியும் தொடாத அந்த உத்தமரை மேடைக்கு அழைக்கிறேன்.”

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் ரங்கராஜன். புவனேசனை நாலு பேர் பிடித்து மேடைக்குத் தள்ளினார்கள். கரை போட்ட பொன்னாடை ஒன்று அவர் தோளில் விழுந்தது. இனிமேல் பள்ளிக்கூடத்தின் மதுவிலக்குக் குழுவுக்கு அவரே தலைவர் என்றும் வெங்கடாசலம் அறிவித்தார். ஒரு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை வாயருகே நீட்டினார்கள்.

“நான் ஒரு சொட்டும் குடிக்கேல்லை,” என்றார் புவனேசன். அதோடு மைக்கைத் தள்ளிவிட்டார். கண்ணில் நீர் தளும்பியது. என்ன அடக்கம், என்ன பண்பு என்று முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் காரை ஓட்டினார். பொன்னாடை தோளிலேயே கிடந்தது. கழற்றுகிற தெம்பும் இல்லை. வான்மதி பக்கத்தில் அப்பச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். லண்டன் ரோட்டில் ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றது. கணவருக்கு மனதுக்குள் ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எவ்வளவு மா குழைத்தாலும் இவ்வளவு தண்ணீரை அது குடிக்காதே.

“இஞ்சை பாரும். அந்த மாவுக்குள்ள எத்தினை போத்தில் விட்டனீர்?”

“ரெண்டு.”

“ரெண்டோ?”

“ரெண்டே கூடிப் போச்சு. ஈஸ்ற் நல்ல உசார்.”

“அப்ப மிச்சம்?”

வான்மதி யன்னலால் பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தாள்.

“பத்துப் பெண்டுகள் நிண்டு மா குழைக்கிறதெண்டால் சும்மாவே? தாகம் எடுக்காதோ?”

விளக்குப் பச்சைக்கு மாறியது. புவனேசன் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“நீரும் குடிச்சனீரோ?”

“நான் குடிக்காமல் வந்த ஆக்களுக்கு எப்பிடிக் குடுக்கிறது? மரியாதை எண்டு ஒண்டு இருக்குத்தானே.”

“அப்ப நான் உதை என்னத்துக்குச் செய்தனான் எண்டு உமக்கு முதலே தெரியும்.”

“படத்தில கிளாஸ் போட்டிருந்ததை நானும் பாத்தனான்தானே.”

பின்னால் நின்றவன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. புவனேசன் காரை நகர்த்தினார். எங்கேயாவது நிறுத்திச் சண்டை பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் மதுவிலக்குக் குழுத் தலைவர், தோளில் பொன்னாடையோடு, ரோட்டுக் கரையில் நின்று பியருக்காக மனைவியோடு சண்டை பிடிப்பதை நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

“அடுத்த கிட்டுக்கு ஓடர் குடுத்திட்டன்,” என்றாள் வான்மதி. “இந்த முறை பெரிசு. கைப்புக் கொஞ்சம் கூட எண்டு பிறின்சி சொன்னவள், அதைப் பாத்துச் செய்யுங்கோ. நீங்கள் குடிக்காத ஆள், உங்களுக்கு ருசி தெரியாதுதானே.”